பத்து நிமிஷக் கயிறு

எதுக்குமார் என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்கமாட்டார்கள். அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எதைச் செய்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிற மனிதரை ஆபீசில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் 'எதுக்கும் சார்' என்றார்கள். அது தேய்ந்து எதுக்குமார் ஆகி, சம்பளச் சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. அவர் திருத்தப் போகவில்லை. பழைய பெயரை, எதுக்கும் இருக்கட்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்.

எங்கெங்கோ தூரத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. அந்த வேலையில் ஒரு வினோதம் உண்டு. வீட்டுப் பூட்டை மாற்றுகிறவன் தப்புச் செய்தால் வாசலில்தான் நிற்பான். கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். இவர்கள் தப்புச் செய்தால், பூட்டு ஓரிடம், இவர்கள் வேறிடம், நடுவில் இரண்டு மலை இருக்கும்.

எதுக்குமாருக்கு அந்த அனுபவமும் ஆகியிருக்கிறது. இளவயதில் ஒரு மலை உச்சியில் மழை அளக்கிற கம்ப்யூட்டரை இங்கிருந்தே சரிசெய்யப் போய், தன்னையே உள்ளே விடாதே என்று அதற்கு உத்தரவு போட்டுவிட்டார். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு பஸ், ஒரு படகு, கடைசியில் ஒரு கழுதை என்று ஏறிப் போய், ஒரே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினார். கழுதை திரும்பவில்லை. "இந்த ஆள் எப்படியும் மறுபடி வருவான், எதுக்கு வீணா இறங்கிக்கிட்டு" என்று நினைத்ததோ என்னவோ, இன்றைக்கும் அந்த அறை வாசலில்தான் நிற்கிறது என்று கேள்வி.

அன்றிலிருந்துதான் கயிறு.

கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிறு மாதிரிதான். எந்தக் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னாலும் எதுக்குமார் அதனிடம் சொல்லிவைப்பார்: "இன்னும் பத்து நிமிஷத்தில் நான் வந்து 'வேண்டாம்' என்று சொல்லாவிட்டால், நான் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். நான் செய்ததையெல்லாம் மறந்துவிட்டு, உன்னை நீயே அணைத்து, பழையபடி எழுந்திரு." கயிறு கட்டாமல் அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை. போதாததற்குத் திரையில் இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். ஒன்றில் வேலை, இன்னொன்று சும்மா திறந்தே கிடக்கும். எல்லாம் சரியென்று கண்ணால் பார்க்கிறவரை எதையும் சேமிக்கவும் மாட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் குடியிருக்கும் மாடியில் நாலு வீடு. ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் அடுத்த வீட்டில் இருக்கட்டும் என்று யோசனை சொன்னவர் அவர்தான். நாலு வீட்டுக்காரர்களும் என்ன மூளை என்று மெச்சினார்கள். ஒருநாள் காக்காய்க்கூட்டம் பார்க்க நாலு வீடும் வராந்தாவுக்கு வந்த நேரம், ஒரே காற்று, நாலு கதவும் படார். நாலு மாற்றுச் சாவியும் மிகப் பத்திரமாக இருந்தன, ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குள். மாலைவரை காக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன் குஞ்சு பொரிப்பகத்தை ஒப்படைத்திருந்தான். ஊரைத் தாண்டி, பஸ்ஸில் போனால் அரைநாள் ஆகிற இடம். உள்ளே ஆள் உயர அலமாரிகளில் தட்டுத் தட்டாகக் கோழி முட்டை. வெப்பம், விசிறி, வாசல் கதவின் பூட்டு எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டரை எதுக்குமார் பார்த்துக்கொண்டார்.

மச்சான் இதற்கு முன்னால் தொட்டதெல்லாம் விளங்காமல் போனவன். சோப்பு செய்தான், நுரைக்கவில்லை. மெழுகுவர்த்தி செய்தான், நன்றாக நுரைத்தது. இது மூன்றாவது முயற்சி, முதல் ஈடு முட்டை. நாளைக்குப் பொரிக்க வேண்டும்.

பிற்பகல் மச்சான் போன் செய்தான்.

"அத்தான், நம்ம கம்ப்யூட்டர் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால ஓடுது. கடைசி நாள் ராத்திரி விசிறி வேகத்தைக் கூட்டறதெல்லாம் அந்த நேரப்படிதான நடக்கும்? இப்பவே திருத்திடுங்க. நான் குஞ்சுக்குப் பெட்டி வாங்கக் கிளம்பிட்டேன், வழியில சிக்னல் இருக்காது."

"இப்பவேவா? நாளைக்குப் பொரியட்டுமே, அப்புறம் திருத்திக்கலாமே?"

"அத்தான், முட்டைக்குள்ள குஞ்சு மூச்சு விட ஆரம்பிச்சிருச்சு. காத்து சரியாப் போகலைன்னா உள்ளயே அவிஞ்சிடும். அக்காகிட்டக் குடுங்க."

அக்காவிடம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி எதுக்குமார் சம்மதித்தார்.

அன்று லீவு; வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தார். மனைவி எதிரில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கயிறு. பத்து நிமிஷம். இரண்டு ஜன்னல். பிறகு விசிறியை ஓட்டுகிற நிரலைக் கொஞ்சம் நிறுத்தினார். அது ஓடும்போதே கடிகாரத்தை மாற்றினால் குழம்பிப்போகும். ஒரு நிமிஷ வேலைதான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் இழுத்து வைத்தார். அத்தோடு விசிறியை ஓட்டிவிட்டு எழுந்திருக்கலாம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. முகம் தெரியாத எவன் எவனோ வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். எதுக்குமாருக்கு மூக்கில் வேர்த்தது. கையோடு கையாக ஃபயர்வாலையும் இறுக்கிவிடலாம் என்று தோன்றியது. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்க்கிற காவல் அது. 'என் ஆபீசிலிருந்து வருகிறவனைத் தவிர ஒரு ஈ காக்கை உள்ளே வரக்கூடாது' என்று எழுதி, தட்டினார்.

திரை அப்படியே நின்றது.

எதுக்குமார் இன்னொரு தடவை தட்டினார். இரண்டாவது ஜன்னலுக்குப் போனார். அதுவும் கல்லாக நின்றது. இரண்டு ஜன்னல்தான், ஆனால் இரண்டும் ஒரே வீட்டு ஜன்னல். அவர் உட்கார்ந்திருப்பது ஆபீசில் அல்ல, சாப்பாட்டு மேசையில்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வெளிய மாட்டிக்கிட்டேன்."

"விசிறி?"

"நின்னிருக்கு. பயப்படாத, கயிறு கட்டியிருக்கேன். பத்தே நிமிஷம், தானா இழுத்துடும். இதுக்குத்தான் சொல்றது, எதுக்கும் இருக்கட்டும்னு." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட எட்டிப்பார்த்தது. பல வருஷமாகக் கட்டிய கயிறு, இன்றைக்குத்தான் முதல் தடவையாக இழுக்கப்போகிறது.

இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பத்து நிமிஷம் ஆனது. திரை அசையவில்லை. எதுக்குமார், சுவர்க் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுமோ என்று இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்தார்.

பிறகு அவர் முதலில் போட்ட உத்தரவை மனசுக்குள் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்தார்.

"ஐயோ."

"என்னங்க?"

"கயிறு அந்தக் கம்ப்யூட்டரோட கடிகாரத்தைத்தான் பாக்கும். நான் கட்டும்போது அங்க மூணரை. மூணு நாப்பதுக்கு இழுன்னு முடிச்சுப் போட்டுக்கிட்டுது. அதுக்கப்புறம் நானே கடிகாரத்தை ரெண்டு மணிக்குக் கொண்டுபோயிட்டேன்."

மனைவி துணியைக் கீழே வைத்தாள். "அப்போ அது எப்ப மூணு நாப்பதைப் பாக்கும்?"

"எல்லாரும் பாக்கறப்பதான். இன்னும் ஒன்றரை மணி நேரம்."

"அதுவரைக்கும் குஞ்சு தாங்குமா?"

கடைசி நாள் முட்டை தானே சூட்டைக் கிளப்பும். விசிறி நின்றால் அலமாரிக்குள் காற்று கெட்டியாகும். ஒரு மணி நேரம் என்பதே அதிகம் என்று மச்சான் எப்போதோ சொல்லியிருந்தான்.

மச்சானுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். மச்சான் மேலும் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

"ஆபீசுக்கு ஓடுங்க. அங்கேருந்து உள்ள போகலாமில்ல?"

"ஓடலாம். ஆபீஸ் லீவு. கதவு சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் தங்கச்சி கல்யாணத்துல."

"அங்க யாரையாவது உள்ள அனுப்பி விசிறியைப் போடச் சொல்லுங்களேன்?"

"கதவும் அந்தக் கம்ப்யூட்டர் கையிலதான். அது திறக்காது."

"மாத்துச் சாவி ஒண்ணு செஞ்சீங்களே, பெருமையா?"

"செஞ்சேன்."

"எங்க?"

எதுக்குமார் அலமாரி மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். சாவி மிகப் பத்திரமாக இருந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவன் நேத்து எனக்குப் போன் பண்ணி முட்டை ஓட்டை உள்ளேருந்து தட்டற சத்தத்தைக் கேக்கச் சொன்னான். அவன் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லைங்க."

எதுக்குமார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அப்போதுதான் காவல்காரர் ஞாபகம் வந்தது.

பொரிப்பகத்து வாசலில் ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு காவல்காரரும் உண்டு. முப்பது வருஷம் ஒரு கிடங்கைக் காத்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் திறந்து பார்த்தபோது காலியாக இருந்ததாம். அப்படியும் ஒன்றும் திருட்டுப் போகவில்லை என்று அவருக்கு நல்ல பெயர். அவர் கதவைத் திறக்கத் தேவையில்லை. வெளிச் சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கிறது. அணைத்துப் போட்டால் போதும். எதுக்குமார்தான் எதையும் சேமிக்கவில்லையே. கம்ப்யூட்டர் பழையபடி எழுந்து, விசிறியைத் தானே ஓட்டிவிடும்.

"அண்ணே, நான்தான் பேசறேன். அவசரம். சுவர்ல இருக்கற மெயின் சுவிட்சை..."

"நான்தான்னா?"

"எதுக்குமார்! உங்க முதலாளியோட அத்தான்!"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காவல்காரர் எழுந்து நின்றிருக்கிறார்.

"வார்த்தை என்ன?"

"எந்த வார்த்தை?"

"நீங்க சாரா இருந்தா உங்களுக்குத் தெரியும்."

எதுக்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரை மாட்டிய அன்று அந்த வாசலில் நின்று, பக்கத்தில் ஒரு தேநீர் டம்ளரோடு, இவரே பாடம் நடத்தியிருந்தார். "காலம் கெட்டுக் கிடக்கு அண்ணே. எவனாவது போன்ல என் குரல்லயே பேசுவான். அவசரம்பான். சுவிட்சை அணைம்பான். நம்பிடாதீங்க. வார்த்தை என்னன்னு கேளுங்க. மூணு தடவை தப்பாச் சொன்னா வச்சிடுங்க. அப்புறம் அந்த நம்பரை அரை மணி நேரம் எடுக்கவே கூடாது." காவல்காரர் அதை மூன்று முறை ஒப்பிக்க, மூன்று முறையும் இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தக் காட்சி முழுக்க ஞாபகம் இருந்தது. தேநீரில் சர்க்கரை குறைவு என்பதுகூட. வார்த்தை மட்டும் இல்லை.

"அண்ணே, குஞ்செல்லாம் செத்துடும் அண்ணே!"

"இப்படியும் சொல்லுவான்னு சார் சொன்னாரு."

"முட்டை!" என்றார் எதுக்குமார், கண்ணை மூடிக்கொண்டு.

"ஒண்ணு," என்றார் காவல்காரர்.

எதுக்குமார் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "யாரும் யோசிக்க முடியாத வார்த்தையாத்தான் வச்சிருப்பேன். கோழிப் பண்ணையில யாரும் யோசிக்காதது..." கையை எடுத்தார். "வாத்து!"

"ரெண்டு."

"நிறுத்துங்க," என்றாள் மனைவி. "இப்படி அடிச்சு விடாதீங்க. ஒரு தடவைதான் பாக்கி. நீங்க வாயைத் திறந்தா ஒண்ணுதான வரும். அதைத்தான் வச்சிருப்பீங்க."

அவள் சொன்னது அவருக்குப் பளிச்சென்று பட்டது. அதேதான். அதைத் தவிர வேறு என்ன? நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"எதுக்கும் இருக்கட்டும்."

காவல்காரர் கொஞ்சம் யோசித்தமாதிரி இருந்தது.

"மூணு," என்றார். வைத்துவிட்டார்.

எதுக்குமார் மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரத்திலும் அந்த மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது அடிப்பதைக் கடமையோடு பார்த்துக்கொண்டிருப்பது இவருக்குக் கண்ணில் தெரிந்தது. கம்ப்யூட்டர் வெளியே தள்ளியது போதாதென்று ஒரு மனுஷனும் வெளியே தள்ளிவிட்டான். இரண்டு பூட்டையும் செய்தவர் ஒரே ஆசாரி.

"உன் போனைக் குடு!"

"எதுக்கு? நீங்க பேசினாத் திருடன். தள்ளுங்க." மனைவி தன் போனை எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா!" என்றார் காவல்காரர். குரலில் தேன்.

"அண்ணே, முழங்கால் வலி எப்படி இருக்கு?"

எதுக்குமார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா. மடக்கினாத்தான் வலிக்குது."

"மடக்காதீங்க. தைலம் தடவுங்க. அண்ணே, சுவர்ல மெயின் சுவிட்ச் இருக்கில்ல, அதை அணைச்சிட்டுப் பத்து எண்ணிட்டு மறுபடி போடுங்களேன்."

"சரிங்கம்மா."

எதுக்குமாரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவ்வளவுதான். சரிங்கம்மா. வார்த்தையும் இல்லை, கணக்கும் இல்லை. வீட்டுக்காரியைப் பற்றி அவர் ஒரு விதியும் எழுதவில்லை. இத்தனை பூட்டு பூட்டிய மனிதர் இவ்வளவு பெரிய வாசலைத் திறந்தே போட்டிருந்தார்.

டக் என்று சுவிட்ச் சத்தம் கேட்டது. காவல்காரர் எண்ண ஆரம்பித்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்போல எண்ணினார். ஐந்தில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, சந்தேகத்துக்கு மறுபடி நாலிலிருந்து தொடங்கினார். பத்து. டக்.

பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, ஹோ என்று ஒரு முனகல் எழுந்து பெரிதானது.

"விசிறி ஓடுதும்மா!"

மனைவி எதுக்குமாரின் கையைப் பிடித்தாள். அவர் சிரிக்க வாயைக் கோணினார். முழுக்கக் கோணுவதற்குள் முனகல் இறங்கியது. நின்றுவிட்டது.

"அம்மா, மறுபடியும் நின்னுடுச்சு!"

எதுக்குமாருக்கு யோசனை தாறுமாறாக ஓடியது. தீய்ந்துவிட்டதா? என்ன விட்டேன்? எங்கே தப்பு? மனைவியின் பிடி இறுகியது. நகம் பதிந்தது.

"கயிறு," என்றார் திடீரென்று.

"என்ன கயிறு இப்ப?"

"கடிகாரத் திருத்தத்தையும் நான் சேமிக்கலையே. எழுந்ததும் பழைய தப்பு நேரத்துக்கே போயிருக்கும். அந்த நேரப்படி மூணு நாப்பது எப்பவோ தாண்டிடுச்சு. அடடா, நேரமாச்சேன்னு கயிறு இப்ப இழுத்திருக்கு. என்னைக் காப்பாத்த."

"இப்பவா?"

"சொன்ன பேச்சைக் கேக்குது."

அணைந்த கம்ப்யூட்டர் தானே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கும். இதுவரை எல்லாம் எழுந்திருக்கின்றன. மனைவி திரையையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் அங்கே பார்க்க முடியவில்லை.

ஹோ.

இந்தத் தடவை இறங்கவில்லை. காவல்காரர் போனைக் காற்றுத் துவாரத்தின் பக்கம் பிடித்தார். விசிறிச் சத்தத்துக்கு அடியில், மிக மெல்லிதாக, ஊசி ஊசியாக ஏதோ கேட்டது. கீச். பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாதபடி.

"நாளைக்குத்தானம்மா சொன்னாங்க? இதுங்க இன்னைக்கே ஆரம்பிச்சிருச்சுங்க."

மனைவி மேசையில் மடித்து வைத்திருந்த அவருடைய சட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதுக்குமார் லேப்டாப்பை இழுத்து, உள்ளே போக முடிகிறது என்று பார்த்து, எதையும் தொடாமல் வெளியே வந்தார். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஓடட்டும். குஞ்சுகளும் அந்த நேரப்படிதான் பொரிகின்றன போலிருக்கிறது.

"அம்மா, சார் பக்கத்துல இருக்காரா?" என்றார் காவல்காரர், குரலைத் தாழ்த்தி. "அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. கொஞ்ச நேரம் முன்னால ஒரு திருடன் போன் பண்ணினான். அச்சு அசலா சார் குரல்."

மனைவி கணவனைப் பார்த்தாள். "அப்படியா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வார்த்தை கேட்டேன். மூணு வார்த்தை சொன்னான்மா."

"எதுவும் சரியில்லையா?"

"வார்த்தைன்னு ஒண்ணே கிடையாதே! சார்தான் சொல்லிக் குடுத்தாரு. 'அப்படி வார்த்தையே இல்லைன்னு சொல்றவன்தான் நானு. ஏதாவது வார்த்தை சொன்னான்னா அவன் திருடன்'னாரு. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கம்மா. அதனாலதான் இன்னைக்குப் பொழைச்சோம்."

"ஆமாண்ணே," என்றாள் அவள். எதுக்குமார் சாவி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மச்சான் போன் செய்தான். கத்தினான், சிரித்தான், நடுவில் கொஞ்சம் அழுதான். அக்கா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"அத்தான், ஒரு வேடிக்கை கேளுங்க. எல்லாக் குஞ்சும் ஓட்டை உடைச்சிட்டு ஓடுது. ஒண்ணு மட்டும் வெளிய வந்துட்டு, பாதி ஓட்டைக் காலால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எவ்வளவு தள்ளினாலும் விடமாட்டேங்குது. அதுக்கு என்ன பேர் வச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்," என்றார் எதுக்குமார்.